விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தவள்

ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் முப்பத்திரண்டு வருடம் சோதித்துப் பார்த்தவர், தன் வீட்டுப் பரணில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. எடை அளவு ஆய்வாளராக இருந்தவரிடம் போய் எடையைப் பற்றிக் கேள்வி கேட்க அந்தத் தெருவில் யாருக்குத் தைரியம்? தெரு அவரை ஆபீசர் என்றது. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

தச்சர் வந்தது புதன்கிழமை காலை. கூடவே அவர் மனைவியும் துளைபோடும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வானம் ஈரத்துணி போட்டு மூடியதுபோல் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஆபீசர் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மனைவி இறந்து நான்கு மாதமாக அவருக்கு அதுதான் படுக்கை. பின்னறையில் கட்டில் காலியாகத்தான் இருந்தது. அந்த வாசலைத் தாண்டிப் போக நேர்ந்தால் மட்டும் அவருக்குக் கைக்கடிகாரத்தில் மணி பார்க்கும் வேலை வந்துவிடும்.

"விஷயம் இதுதான்," என்று எழுந்து நின்றுகொண்டு ஆரம்பித்தார். உட்கார்ந்தபடி உத்தரவு போட்டு அவருக்குப் பழக்கமில்லை. "என் மனைவி உபயோகிச்ச சாமான் எல்லாம் அந்த அறையில இருக்கு. கட்டில், பீரோ, தையல் மிஷின், பெட்டிகள். எல்லாத்தையும் பரண்ல ஏத்தணும். பரண் பலமாத்தான் இருக்கு. இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கையா இன்னும் கொஞ்சம் பலப்படுத்தணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்."

"அது என்ன சார் ஞாயித்துக்கிழமை கணக்கு?"

பதில் சொன்னது மகள். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். நாற்பதை நெருங்குகிறவள். பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. அம்மா படுத்திருந்த இரண்டு வருடமும் பாதிநாள் சம்பளமில்லாத விடுப்பு. "மாமா வேன் எடுத்துட்டு வராரு. அம்மாவோட தம்பி. இடம் இல்லன்னா எல்லாத்தையும் ஏதாவது ஆசிரமத்துக்குக் குடுத்துடலாம்னு சொல்லியிருக்காரு." பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"குடுக்கற பேச்சே கிடையாது," என்றார் ஆபீசர். "இந்த வீட்டை விட்டு ஒரு ஊசி வெளிய போகாது."

"அப்ப அந்த ரூம்லயே இருக்கட்டுமேன்னு கேட்டேன்," என்றாள் மகள் தச்சரிடம். "கூடாதுங்கறாரு."

"இடவசதி," என்றார் ஆபீசர். மூன்று பேர் இருந்து இரண்டு பேராகிவிட்ட வீட்டில் இடவசதிக்கு என்ன குறை என்று தச்சர் கேட்கவில்லை. வேலைக்கு வந்த வீட்டில் மரத்தைத் தவிர வேறெதையும் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

பின்னறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். பழைய காலத்துக் கூரை. சுவருக்குச் சுவர் பன்னிரண்டு அடிக்கு வரிசையாக மர விட்டங்கள். அவற்றின்மேல் பலகை அடித்து, பலகைக்கு மேலே பரண். விட்டங்களில் ஆறுக்கு மட்டும் பக்கத்திலேயே தடித்த துணைக்கட்டை ஒன்று வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. நடுக்கட்டையில் ஒரு பித்தளைத் தகடு. 'இப்பரண் வலுவூட்டப்பட்டது' என்பது முதல் வரி. 'மேற்பார்வை' என்பது இரண்டாவது. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஆபீசரின் பெயரும் பதவியும். ஐந்தாவதில் தேதி. எட்டு வருடம் முந்தைய தேதி.

அன்றைக்கு விழாவே நடந்திருக்கிறது. ஏணியின் குறுக்கே ரிப்பன் கட்டி, ஆபீசரின் பழைய மேலதிகாரி வந்து வெட்டினார். தெருவில் பதினோரு பேருக்கு டீயும் பிஸ்கட்டும். டீ போட்டவளைப் பற்றித் தகட்டில் குறிப்பு இல்லை.

தச்சர் ஸ்டூலைப் போட்டு ஏறி, துணைக்கட்டையின் நுனியைத் தடவினார். இறங்கி வந்து மறுபக்கத்து நுனியையும் தடவினார்.

"சார், இதை யாரு செஞ்சது?" என்று வாசலிலேயே நின்றுவிட்ட ஆபீசரைக் கேட்டார்.

"நான்தான். என் நேரடி மேற்பார்வை. வரைபடம் மூணு பிரதி இருக்கு. ஒண்ணு வேணும்னா உங்களுக்குத் தரேன்."

"இருக்கட்டும் சார். இந்த நுனிக்கும் சுவருக்கும் நடுவுல ரெண்டடி இடைவெளி இருக்கே."

ஆபீசர் புன்னகை செய்தார். எட்டு வருடமாக வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் கேட்டு, விளக்கம் பெற்று, தலையாட்டிவிட்டுப் போன கேள்வி. "ஈரம். சுவர்ல ஊறுற ஈரம் மரத்துல ஏறினா உளுத்துப் போகும். அதுக்காக வேணும்னே விட்டது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும் சுவர்தானே இருக்கு?"

தச்சர் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க," என்றார் தச்சர். "நீங்க ஒரு மூட்டையைத் தூக்கிட்டு நிக்கறீங்க. ஒத்தாசைக்கு நான் வரேன். வந்தவன் காலைத் தரையில ஊனாம, உங்க தோளைக் கட்டிப் பிடிச்சுத் தொங்கறேன். உங்களுக்குப் பாரம் குறையுமா, கூடுமா?"

ஆபீசர் தகட்டைப் பார்த்தார்.

"இந்தக் கட்டை எதையும் தாங்கல சார். பழைய விட்டம்தான் இதையும் சேர்த்துத் தாங்கிட்டு இருக்கு. சுவர்ல நாலு விரலாவது உட்கார்ந்தாத்தான் அது விட்டம். இல்லன்னா அதுவும் ஒரு சாமான். இங்க பாருங்க, கட்டை முடியற இடத்துல, இந்த போல்ட் துளையில இருந்து..." பென்சிலின் முனையை வைத்தார். முனை உள்ளே போயிற்று. "விரிசல். நேத்து விழுந்தது இல்ல. உள்ள அழுக்கு ஏறிப் போயிருக்கு."

"எனக்குத் தெரிஞ்சு இதுல விரிசல் கிடையாது," என்றார் ஆபீசர். விரிசல் அவருடைய அனுமதி பெறாமல் விழுந்திருந்தது.

"மேல என்ன சார் வெச்சிருக்கீங்க?"

மேலே இருந்தது ஆபீசரின் புகழ். கடைகளில் அவர் பறிமுதல் செய்து, பிறகு உரிய முறையில் அனுமதி பெற்று நினைவுக்காக வாங்கி வைத்த குறை எடைக் கற்கள். கல் என்பது பேச்சுக்கு. எல்லாம் வார்ப்பிரும்பு. அப்புறம் அவர் எழுதி அச்சிட்ட 'நேர்மையின் எடை' என்ற நூல், ஐந்நூறு பிரதிகள். அதில் நாற்பதைத் தவிர பாக்கி எல்லாம். அந்த நாற்பதும் விற்றவை அல்ல, கொடுத்தவை. கோப்புகள். கேடயங்கள். ஒரு மேடைத் தராசு.

"இரும்பு மட்டும் எவ்வளவு இருக்கும்?"

"நிறுத்ததில்ல," என்றார் ஆபீசர். பிறகு, தன் காதிலேயே அது ஒரு மாதிரி விழுந்ததுபோல, "அவசியம் ஏற்படல," என்று சேர்த்துக்கொண்டார்.

மத்தியானம் மகள் முட்டையும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வைத்தாள். நான்கு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தச்சர் மனைவி ஒரு வாய் போட்டுக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு, உப்பு டப்பா எங்க இருக்கு?"

"போடலையா?"

"கொஞ்சம் கம்மியா இருக்குற மாதிரி..."

"சுத்தமா இல்லையே," என்றார் தச்சர்.

"நீங்க சும்மா சாப்பிடுங்க. வீட்டுல நான் போட்டா அதிகம்பீங்க, இங்க இல்லன்னா இல்லம்பீங்க."

மகள் உப்பை எடுத்து வைத்தாள். "ரொம்ப நாளா இப்படித்தான் போலிருக்கு," என்றாள். "அப்பா எதுவும் சொல்லல." ஆபீசர் அதற்குள் தட்டைக் காலி செய்திருந்தார். கடையில் ஐந்து கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்தவர், நான்கு மாதமாக உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை பரணைக் காலி செய்தார்கள். மேலே வெக்கை அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. தச்சர் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்க, மனைவி கீழே பிடித்துக் கழற்றினாள். மகள் முன்னறையில் கொண்டுபோய் அடுக்கினாள். ஆபீசர் வாசலில் நின்று "பத்திரம்" என்றார். அதுதான் அவர் செய்த வேலை.

"இருபது கிலோன்னு போட்டிருக்கு இதுல," என்றாள் தச்சர் மனைவி, ஒரு கல்லை இடுப்பில் வைத்தபடி.

"இருக்காது. இருநூறு கிராம் குறையும். அதுக்குத்தானே பறிமுதல் பண்ணேன்."

"கடைக்காரன் ஏமாத்தினதுல உங்க வீட்டு விட்டத்துக்குக் கொஞ்சம் லாபம் சார்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"வாயை மூடிட்டு இறக்குங்க," என்றாள் மனைவி. "அவர் முகத்தைப் பாருங்க."

முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அதுதான் என்னவோபோல் இருந்தது.

எல்லாம் இறங்கியதும் கட்டிலை நகர்த்திவிட்டு, விட்டங்களுக்குக் கீழே குறுக்காக ஒரு மரத்தைக் கொடுத்து, அதற்கு இரண்டு முட்டுக்கால் வைத்து, அடியில் ஜாக்கியை உட்கார வைத்தார்கள். தொய்ந்துபோன விட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்க வேண்டும். தச்சர் ஜாக்கியைக் கால் சுற்று சுற்றுவார். போய் டீ குடிப்பார். வந்து இன்னொரு கால் சுற்று. மரம் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போடும்.

"முழுசா ஒரே மூச்சுல சுத்தினா என்ன?" என்று கேட்டார் ஆபீசர்.

"விரிசல் பிளந்துக்கும் சார். எட்டு வருஷமா வளைஞ்சது. எட்டு மணி நேரமாவது குடுக்கணும்ல."

முட்டுக்கால் வைப்பதற்காகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தச்சர் மனைவி கையை நிறுத்தினாள். கட்டில் கிடந்த இடத்தில், வழவழப்பான சிமெண்ட் தரையில், கட்டில் கால்கள் அழுத்திய வட்டத் தழும்புகள். ஒரு கட்டிலுக்கு நான்குதான் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு காலுக்கும் ஒரு வரிசையே இருந்தது. சாணளவு தள்ளித் தள்ளி, ஐந்து.

"கட்டிலை அடிக்கடி நகர்த்துவீங்களா கண்ணு?"

"நாலு தடவை," என்றாள் மகள்.

"வெளிச்சத்துக்காக," என்றார் ஆபீசர் வாசலில் நின்றபடி. அறைக்குள் வரவில்லை. "ஜன்னல் வெளிச்சம் வேணும்னு கேட்டா. நான்தான் நகர்த்திக்கச் சொன்னேன்."

"வெளிச்சத்துக்கு இல்லப்பா. தூசிக்கு."

அவள் அதை ஒளித்து வைத்திருந்து இப்போது எடுத்து வீசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வரிசை எண் கேட்டால் சொல்வதில்லையா, அதுபோல.

"என்ன தூசி?"

"மேலே இருந்து விழும். ராவுன மாதிரி மரத்தூள். துரு. அம்மாவுக்குக் கண்ணுல விழும். கையைத் தூக்கித் துடைச்சுக்க முடியாதுல்ல, என்னைக் கூப்பிடுவாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா, வர்ற வரைக்கும் கண்ணை மூடிட்டே இருப்பாங்க."

"என்னை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா நீங்க அண்ணாந்து பார்ப்பீங்களாம்."

தச்சர் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றார். அவருக்கு நிமிர்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"முதல் தடவை விழுந்தப்பவே உங்ககிட்ட சொல்லலாம்னேன்," என்று மகள் தொடர்ந்தாள். "வேண்டாம்னுட்டாங்க. 'ரிப்பன் வெட்டித் திறந்தது, இப்ப போய் விரிசல்னா மனுஷன் என்ன ஆவாரு. கட்டிலைத் தள்ளு, அது சுலபம்'னாங்க. தள்ளினேன். அப்புறம் விரிசல் நீண்டுது. திரும்பத் தள்ளினேன், கடைசியில ஈரச் சுவர் ஓரத்துக்கே போயிடுச்சு. அவங்களுக்கு எல்லாம் தெரியும்பா. நாள் பூரா விட்டத்தைப் பார்த்துட்டுத்தானே படுத்திருந்தாங்க. கட்டை சுவரைத் தொடலன்னு முதல்ல சொன்னதே அவங்கதான். 'உங்கப்பா கட்டைக்கு ஈரம் ஆகாதாம், எனக்கு மட்டும் ஆகுமாம்'னு சிரிப்பாங்க."

ஜாக்கிக்கு மேலே விட்டம் ஒருமுறை 'கிர்ர்' என்றது.

ஆபீசர் மணி பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போனார். நாற்காலியில் உட்காரவில்லை. சாமான் குவியலின் நடுவிலிருந்து மேடைத் தராசை இழுத்து, துடைத்து, நான்கு பக்கமும் அட்டைத்துண்டு செருகி மட்டம் பார்த்தார். ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். படித்தார். இறக்கினார். அடுத்த கல். வெளியே அப்போதும் காற்றில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மகள் வந்து "நான் தூக்கட்டுமாப்பா?" என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். இருட்டும்வரை இரும்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை புது மரம் வந்தது. பன்னிரண்டு அடிக்கு மேல் எட்டு விரல் நீளம் கூடுதல். பக்கத்துக்கு நாலு விரல் சுவருக்குள் போவதற்கு. தச்சர் முதலில் துணைக்கட்டைகளைக் கழற்றினார். போல்ட் துருப்பிடித்து, ஒவ்வொன்றும் பிடிவாதம் பிடித்தது. ஆறும் தரையில் கிடந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தன. நல்ல வைரம் பாய்ந்த மரம்.

"தகடு?" என்று கேட்டார் தச்சர். "புதுசுல மாட்டணுமா சார்?"

"வேண்டாம்," என்றார் ஆபீசர். கொஞ்சம் யோசித்து, "திருகாணி நாலு இருக்கும், பத்திரமா எடுங்க, வீணாக்க வேண்டாம்," என்றார்.

புது விட்டத்தை உள்ளே விடுவது இரண்டு பேர் வேலை. நேராகப் போகாது. நுனியில் ஒரு மூலையைச் சீவி, சாய்த்துப் படுக்க வைத்து ஒரு சுவருக்குள் விட்டு, மறுநுனியை எதிர்ச்சுவர்க் குழியில் நுழைத்து, பிறகு சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டும்.

"உன் பக்கம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"நாலு விரல் இருக்கா?"

"மூணரை."

"உன் விரலா என் விரலா?"

"என் விரல்தான் இங்க இருக்கு, உங்க விரலுக்கு நான் எங்க போவேன்? தட்டுங்க."

பசை தடவி, பழைய விட்டத்தோடு சேர்த்து முடுக்கினார்கள். துளைகளை இந்தமுறை ஒரே கோட்டில் போடாமல் ஏற இறங்கப் போட்டார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆறும் ஏறிவிட்டன. மரத்தூளின் பச்சை வாசனை வீடு முழுக்க நின்றது. மருந்து வாசனை அடித்த அறை என்று தெரியாதவர்கள் சொல்லமாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் ஆபீசர் நான்கு மாதத்தில் முதல்முறையாகப் பின்னறைக்குள் போயிருந்தார். மனைவியின் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து தராசில் வைத்தார். துணிகள், கம்பளி, இரண்டு ஜோடி செருப்பு, கண்ணாடிக் கூடு, நூல்கண்டுகள், அவள் கடைசியாகத் தைத்துப் பாதியில் விட்ட தலையணை உறை. மகள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

"என்னுது எழுநூத்துப் பன்னெண்டு கிலோ," என்றார் அவர். "நாலு தடவை நிறுத்தேன்."

"ம்."

"இது முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்." தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். கடைக்காரர்களிடம் அவர் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். "ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லப்பா. இவ்வளவுதான்."

"கட்டிலும் மிஷினும் பீரோவும் கல்யாணத்துக்கு முன்னாடியே நான் வாங்கினது. அது கணக்குல வராது."

"வராது."

"நாப்பத்திரண்டு வருஷம்," என்றார். அதை எந்த அளவையில் சொன்னார் என்று தெரியவில்லை. பெட்டிகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார், அவை இருந்த இடத்திலேயே.

மத்தியானம் சாப்பிடும்போது இரண்டாவது வாயில் கையை நிறுத்தினார். "உப்பு இல்லையே," என்றார்.

மகள் டப்பாவை நகர்த்தினாள். தச்சர் மனைவி குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க மாமாவோட வேன் வரட்டும்," என்றார் ஆபீசர். "இரும்பு போகட்டும். புத்தகமும். ஆசிரமத்துல யாராவது படிச்சா படிக்கட்டும்."

"அம்மாவோடது?"

"அது அங்கேயே இருக்கட்டும்."

தச்சர் தட்டைத் தள்ளி வைத்தார். பரிவு ஒரு பக்கம் இருந்தாலும், நாலு நாள் உழைப்பு ஒரு பக்கம். "அப்ப பரண்ல எதை சார் வைக்கப் போறீங்க? ஒரு டன் வெச்சாலும் அசையாத மாதிரி செஞ்சிருக்கேனே."

"ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணுமே வைக்காததுக்கா சார்..."

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் அவர் மனைவி.

சாயந்திரம் ஜாக்கியை இறக்கி, முட்டுக்காலை எடுத்தார்கள். விட்டங்கள் அப்படியே நின்றன. தச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரை மேலே நடுவில் ஏற்றி நிறுத்தி, குதிக்கச் சொல்லுவார். கீழே வீட்டாரில் ஒருவர் படுத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு யாரும் போன் பண்ணி 'அசையுது' என்று சொல்லக் கூடாது பாருங்கள். ஆனால் இந்த வீட்டில் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தார்.

சொன்னது அவர் மனைவி. "சார், எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. நீங்க மேல ஏறி நிக்கணும். கண்ணு கீழ படுக்கணும்."

ஆபீசர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "கட்டிலை முதல் இடத்துல போடுங்க," என்றார். "முதல் தழும்புல."

நான்கு கால்களையும் நான்கு தழும்புகளில் பொருத்தினார்கள். மகள் அம்மாவின் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். இரண்டு வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், படுத்ததில்லை. அங்கிருந்து விட்டங்கள் அவள் நினைத்ததைவிடக் கிட்டத்தில் தெரிந்தன. பழைய மரம் கறுப்பு, புது மரம் மஞ்சள். ஒன்றுகூடப் பாதியில் நிற்காமல் சுவருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. தகடு இருந்த இடம் வெறுமனே இருந்தது.

ஏணி முனகியது. தலைக்கு மேலே பலகையில் காலடிச் சத்தம் மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது.

"குதிங்க சார்," என்று தச்சர் கூவினார்.

எழுபதை நெருங்கும் ஒரு அதிகாரி இதற்கு முன் யார் சொல்லியும் குதித்ததில்லை. பிறகு 'தொம்' என்று ஒரு சத்தம்.

"விழுந்துச்சா?" மேலேயிருந்து குரல்.

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. கண்ணைத் திறந்து வெச்சுக்க."

"திறந்துதான் இருக்கு."

'தொம்.'

"இப்ப?"

"இல்ல."

"போதும் சார், இறங்குங்க. கல்லு மாதிரி இருக்கு," என்றார் தச்சர். ஆபீசர் இறங்கவில்லை. 'தொம்' என்று இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நடுவில் மூச்சு வாங்கும் சத்தம் பலகை வழியே கேட்டது. தச்சர் மனைவி புருஷனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

மகள் இமைக்காமல் படுத்திருந்தாள். கொஞ்சமே கொஞ்சம், ஒரு பொட்டுத் தூசி விழுந்திருந்தாலும் கண்ணைக் கசக்க ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். சுத்தமான வேலை. ஒன்றும் விழவில்லை.

"விழுதா?"

"இல்லப்பா," என்றாள். "இன்னொரு தடவை குதிங்க."